ரெண்டு சீட்டு வண்டி

இனிமேல் நடக்கப் போவதில்லை என்று எலியேசர் முடிவெடுத்தார்.

முடிவை மனசுக்குள் வைத்துக்கொள்ளும் ஆள் அல்ல அவர். காலை ஏழு மணிக்கு, இட்லித் தட்டின் முன்னால் எழுந்து நின்று, வலது கையில் சட்னி வழிய அறிவித்தார்.

"ரத்னா, கேட்டுக்கோ. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளப்புல ஜெனரல் பாடி மீட்டிங். நான் தீர்மானம் கொண்டுவரப் போறேன். பேட்டரி வண்டி வாங்கியே ஆகணும். உலகமே உட்கார்ந்துக்கிட்டு கோல்ஃப் ஆடுது. நாம மட்டும்தான் மாடு மாதிரி நடந்துக்கிட்டிருக்கோம்."

அவர் மனைவி ரத்தினபாய் பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"முதல்ல உட்காருங்க. சட்னி பனியன்ல ஒழுகுது."

எலியேசர் உட்கார்ந்தார். புரட்சியாளர்களும் பனியனைத் துவைத்துப் போட ஆள் வேண்டியவர்கள்தான்.

இந்தக் கோல்ஃப் அவர் வாழ்க்கையில் நுழைந்தது சர்க்கரை வியாதியின் கையைப் பிடித்துக்கொண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் இரண்டு வைத்தியம் சொன்னார். ஒன்று மாத்திரை, இன்னொன்று நடை. மாத்திரையை எலியேசர் பொறுப்பேற்றுக்கொண்டார். நடையை ரத்தினபாய் பொறுப்பேற்றுக்கொண்டாள். மறுநாளே மேற்குத் தாம்பரத்தில் கோழி எழுவதற்கு முன்னால் இருவரும் ரயில்வே கிரவுண்டில் இருந்தார்கள்.

கால் வலித்தது. அதைப் பொறுத்துக்கொண்டார். வலித்தது கால் மட்டும் என்றால் இந்தக் கதையே இல்லை. காதும் வலித்தது. ரத்தினபாய் நடந்துகொண்டே பேசினாள். மகள் ஜெரூஷாவுக்கு வந்த வரன்களைப் பற்றி, சர்ச் சபையில் பாட்டு ஆரம்பிக்கும் சுருதியைப் பற்றி, எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வைப் பற்றி, எலியேசரின் தம்பியைப் பற்றி, மறுபடியும் எலியேசரின் தம்பியைப் பற்றி. எலியேசருக்குத் திருமுடிவாக்கத்தில் பட்டறை. நாள் பூராவும் தகரத்தை அடித்து வளைக்கும் நாலு பிரஸ் மெஷின்கள். காலை நடை முடிந்து அங்கே போய் உட்கார்ந்தால், அந்தச் சத்தம் அவருக்குத் தாலாட்டாக இருந்தது.

அப்போதுதான் முஸ்தபா வந்தார். பம்மலில் தோல் வியாபாரம் செய்பவர், எலியேசரின் பழைய சிநேகிதர்.

"மச்சான், பேசாம எங்க கோல்ஃப் கிளப்புல சேர்ந்துடு. சனிக்கிழமை காலைல வந்தா மத்தியானம்தான் வீடு. டாக்டரும் குறை சொல்ல மாட்டாரு, வீட்லயும் குறை சொல்ல மாட்டாங்க."

எலியேசர் கோல்ஃபை டி.வி.யில் பார்த்திருக்கிறார். குட்டிக் காரில் ஒய்யாரமாக உட்கார்ந்து போவார்கள். இறங்குவார்கள். ஒரு தட்டு. மறுபடி ஏறிக்கொள்வார்கள். கடவுள் தன்னை மனசில் வைத்தே இந்த விளையாட்டை உண்டாக்கியிருக்கிறார் என்று தோன்றியது.

"நீயும் வாயேன், ரத்னா," என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தார். கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெயில்ல மேடு பள்ளமெல்லாம் நம்மால ஏறி இறங்க முடியாது. நீங்க போய்ட்டு வாங்க," என்றாள் அவள் உடனே.

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. எலியேசர் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் விடுதலையாகிற கைதி எவனும் ஜெயில் வாசலில் நின்று, ஏன் என்னை விடுகிறீர்கள் என்று விசாரிப்பதில்லை.

கிளப்புக்குப் போனால் குட்டிக் கார் ஒன்றையும் காணோம். திருநீர்மலை தெரிகிற தூரத்தில் முள்ளும் புல்லுமாக ஒரு பெரிய வெளி. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற செக்ரட்டரி மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"வண்டியெல்லாம் இங்க கிடையாது, மிஸ்டர் எலியேசர். வெள்ளைக்காரன் காலத்துல இருந்து நடைதான். பையைத் தூக்கிக்கிட்டுக் கூடவே ஒரு கேடி வருவான்."

வீட்டில் போய் இதைச் சொன்னபோது ரத்தினபாய் பேனாவைக் கீழே வைத்தாள்.

"கேடியா? போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ ஒட்டி வெச்சிருப்பாங்களே, அவங்களா?"

"இது வேற கேடி. ரொம்ப மரியாதையான ஆளு."

மரியாதையான அந்த ஆளின் பெயர் லோகநாதன். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். பம்மல்காரர். மைதானத்தின் பதினெட்டுக் குழிக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புல்லில் பாதம் படாதது போல நடப்பார். பின்னால் எலியேசர், ஆற்றில் இறங்கியவர் போல நடப்பார்.

"தலையத் தூக்காத சார். பந்தப் பாரு."

"பார்த்துக்கிட்டுத்தான்யா இருக்கேன்."

"அது எறும்புப் புத்து சார். பந்து இந்தாண்ட கீது."

எலியேசர் ஓங்கி அடித்தார். பந்து அங்கேயே இருந்தது. எறும்புப் புற்று பறந்தது. அடுத்த அடியில் பந்து புதருக்குள் போனது. லோகநாதனும் உள்ளே போனார்.

"சார், பந்து கீது. பக்கத்துலயே பாம்பும் கீது. பந்து வோணுமா, வாணாமா?"

இப்படியாக எலியேசர் ஒன்பதாவது குழி வரைக்கும் போவார். ஒன்பதாவது குழி கிளப் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது கடவுளின் இன்னொரு கருணை. அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு கேன்டீனில் போய் விழுவார். கேன்டீனில் கைமா சமோசா உண்டு. கையில் எடுத்தால் எண்ணெய் மினுங்கும். கடித்தால் ஆவி பறக்கும். எதிரில் முஸ்தபா இருப்பார், ஒன்றும் பேசமாட்டார், அவர் வாயிலும் சமோசா இருக்கும். வாரத்தில் ஆறு நாளும் ரயில்வே கிரவுண்டைச் சுற்றி வர எலியேசருக்குத் தெம்பு கொடுத்தது அந்தச் சனிக்கிழமை நிசப்தம்தான். சமீபமாக ஒரு குறை. இரண்டு சமோசாவுக்கு மேல் கேட்டால், "தீந்துபோச்சு சார்" என்கிறான் கேன்டீன்காரன்.

நிசப்தமும் வேண்டும், சமோசாவும் வேண்டும், நடை மட்டும் வேண்டாம். அதனால்தான் பேட்டரி வண்டி. ஒரு மாதமாக ஒவ்வொரு மெம்பராகப் பிடித்துப் பேசி, பாதிப் பேரைத் தன் பக்கம் இழுத்து, முஸ்தபாவைத் தீர்மானத்தை வழிமொழியவும் சம்மதிக்க வைத்து, அந்த வெற்றிக் களிப்பில்தான் இன்று இட்லிக்கு முன்னால் எழுந்து நின்றார்.

"அந்த வண்டியில எத்தனை சீட்டு?" என்று கேட்டாள் ரத்தினபாய், ஒரு விடைத்தாளில் முட்டை போட்டபடியே.

"ரெண்டு."

"ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு?"

எலியேசர் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

"காலிதான். வண்டி வந்துட்டா கேடி எதுக்கு?"

"மேல கூரை உண்டா?"

"ஜம்முனு இருக்கும். ஒரு பொட்டு வெயில் படாது."

ரத்தினபாய் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"அப்போ நானும் வரேன்."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த இட்லி பாதி வழியில் நின்றது.

"எங்கே?"

"கோல்ஃபுக்குத்தான். வெயில்ல நடக்கத்தானே முடியாதுன்னேன்? கூரைக்குக் கீழ உட்கார்ந்து வர என்ன கஷ்டம்? சனிக்கிழமை எனக்கும் லீவுதான்."

"உனக்கு போரடிக்கும், ரத்னா. எங்க பார்த்தாலும் புல்லு."

"புல்லை யாரு பார்க்கப் போறா? பேசிக்கிட்டே போகலாம். கிரவுண்டுல எனக்கு மூச்சு வாங்குதுங்க. நினைச்சதுல பாதிகூடப் பேச முடியலை. வண்டின்னா மூச்சே வாங்காது பாருங்க."

பாதியா! இதுவரைக்கும் வந்ததெல்லாம் பாதிதானா! எலியேசருக்கு ஃபேன் காற்றிலும் வேர்த்தது.

"ரத்னா, அந்த வண்டியை ஓட்டறது ரொம்பக் கஷ்டம். எனக்கே..."

"நீங்க எதுக்கு ஓட்டறீங்க? நின்ன ஸ்கூட்டரைக் கேட்டுல இடிச்சவரு. நான் ஓட்டறேன். பின்னால பை வைக்கிற இடத்துல டிபன் கேரியர் வெச்சுக்கலாம். ஒரு பிளாஸ்க்ல கேழ்வரகுக் கஞ்சி. கேன்டீன்ல கண்டதையும் வாங்கித் திங்க வேண்டாம் பாருங்க."

எலியேசரின் கண் முன்னால் சமோசாக்கள் கறுப்புத் துணி கட்டி ஊர்வலம் போயின.

ஞாயிறு மாலை கிளப் ஹால் நிரம்பியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கேடிகள் எல்லோரும் சத்தமில்லாமல் நின்றிருந்தார்கள். வண்டி வந்தால் அவர்கள் வேலை போய்விடும். லோகநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்தார்.

செக்ரட்டரி பெயரைக் கூப்பிட்டார். எலியேசர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே! வண்டி என்ற அந்த அவமானம் இந்தக் கிளப்புக்குத் தேவையா?"

ஹால் திகைத்தது. முஸ்தபா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்.

"மச்சான், இன்னாடா பேசறே? தீர்மானமே நம்மளுதுடா!"

"விடு பாய்," என்று உதறிவிட்டுத் தொடர்ந்தார் எலியேசர். "நடை! நடைதான் கோல்ஃபின் உயிர்! மோசே நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நடந்தார். பேட்டரி வண்டி கேட்டாரா?"

"அப்போ பேட்டரியே கிடையாதே," என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள்.

"இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்! கேடி யார்? பை தூக்குகிறவரா? இல்லை! நம் பந்து போன இடத்துக்கெல்லாம் தானும் போகிறவர். நாம் அடித்த கேவலமான அடியையெல்லாம் பார்த்துவிட்டு வெளியே சொல்லாதவர். சொந்தக்காரர்களில் அப்படி ஒருவரைக் காட்டுங்கள்! அந்த மனிதரை இறக்கிவிட்டு, அந்தச் சீட்டில் வேறு யார் யாரோ வந்து உட்கார்ந்தால்..." இங்கே அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. "உட்கார்ந்தால், நம் கதி என்ன, நண்பர்களே?"

கல்யாணமான மெம்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு கேள்வி ஹாலின் எல்லா மூலைக்கும் போய்ச் சேர்ந்தது. முதலில் கை தட்டியவர் முஸ்தபாதான். தீர்மானம் தோற்றது. எதிர்த்து விழுந்த ஓட்டுகளில் அதைக் கொண்டுவந்தவருடையதும் ஒன்று.

செக்ரட்டரிக்குக் கண் கலங்கிவிட்டது. மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்த உணர்ச்சியை நாம வீணாக்கக் கூடாது. பாதியில நிறுத்திட்டுக் கேன்டீனுக்குப் போற கெட்ட பழக்கமும் இன்னியோட ஒழியணும். இனிமே யாரா இருந்தாலும் பதினெட்டுக் குழியும் நடக்கணும். மிஸ்டர் எலியேசரே நமக்கு வழிகாட்டி!"

கைதட்டலில் ஓடுகள் அதிர்ந்தன. வழிகாட்டி நாற்காலியில் சரிந்தார்.

அடுத்த சனிக்கிழமை பத்தாவது குழியை எலியேசர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். பதினான்காவதில் நாக்கு வறண்டது. லோகநாதன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"சார், உன்னை மறக்கவே மாட்டோம் சார். டீச்சராண்டயும் சொல்ட்டேன், சார் சும்மா பின்னி எட்த்துட்டாருன்னு."

"எந்த டீச்சர்?"

"நம்ம டீச்சர்தான் சார். உன் வூட்டம்மா. எட்டாங்கிளாஸ்ல எனக்கு கணக்கு. இன்னிக்கும் அவங்க முன்னாடி கை கட்டிகினுதான் நிப்பேன்."

எலியேசரின் கையிலிருந்த பாட்டில் நின்றது.

"போன மாசம் நாங்க அல்லாரும் பேஜாராயி டீச்சராண்ட போய் நின்னோம் சார். வண்டி வந்தா பொயப்பு பூடுமேன்னு. அவங்க சிரிச்சிகினே சொன்னாங்க. 'நீங்க ஒண்ணும் பண்ணாதீங்கடா. எத்தனை சீட்டுன்னு ஒரே ஒரு கேள்வி நான் கேக்கறேன். மீதியை சாரே எழுந்து நின்னு பேசிடுவாரு'ன்னாங்க. அப்டியே ஆச்சே சார்!"

மீதி நாலு குழிகளை எலியேசர் எப்படிக் கடந்தார் என்று அவருக்கே நினைவில்லை. கேன்டீனில் இரண்டு சமோசா தின்றுவிட்டு மூன்றாவதைக் கேட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தட்டு நிறைய இருந்தது. "தீந்துபோச்சு சார்," என்றான் கேன்டீன்காரன். அவனும் பம்மல் பையன்தான் என்பது எலியேசருக்கு அப்போதுதான் உறைத்தது.

நொண்டியபடி வீட்டுக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. டி.வி. ஓடவில்லை. ரேடியோ ஓடவில்லை. ரத்தினபாய் ஈசிசேரில் சாய்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு வெறுமனே இருந்தாள். முகத்தில் அப்படி ஒரு அமைதி.

"ரத்னா! அப்போ நீ நிஜமா வண்டியில வர்றதா இல்லையா?"

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"நானா? அஞ்சு நாள் நாப்பது பசங்க. ஞாயித்துக்கிழமை சபை. மீதி நேரமெல்லாம் நீங்க. எனக்குன்னு இருக்கிறது சனிக்கிழமை காலை ஒண்ணுதான். அதையும் கொண்டுவந்து உங்க பக்கத்து சீட்டுல வெப்பேனா?"

"அப்போ கிரவுண்டுல அவ்வளவு பேசறியே, அது?"

"நான் நிறுத்தினா நீங்க பிரஸ் மெஷினைப் பத்தி ஆரம்பிச்சுடுவீங்க."

எலியேசர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

"சொல்ல மறந்துட்டேன்," என்றாள் ரத்தினபாய், திறந்த கண்ணையும் மூடிக்கொண்டே. "பதினெட்டு முடிச்சும் நீங்க சீக்கிரமா வந்துடுவீங்கன்னு தெரியும். திரும்ப முதல் குழியில இருந்து ஆடக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கான்னு லோகநாதனை விசாரிக்கச் சொல்லியிருக்கேன்."