நாற்பத்தெட்டு நாள் கஞ்சி

கஞ்சி என்றால் என்ன? காய்ச்சல்காரன் குடிப்பது. இல்லையென்றால் சட்டைக்குப் போடுவது. பேத்துப்பாறை குருநாதன் ஐம்பது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் மனைவி சண்முகவள்ளி, அடுப்படி ஆணியில் தொங்கிய தோசைக்கல்லைக் கழற்றிப் பரணில் ஏற்றினாள். அதே ஆணியில் ஒரு அட்டையை மாட்டினாள். அதை மனுஷன் இரண்டு தடவை படித்தார்.

திங்கள், கருப்பு உளுந்தங்கஞ்சி. செவ்வாய், கொள்ளுக்கஞ்சி. புதன், சாமையும் முடக்கத்தானும். வியாழன், கேப்பையும் பாசிப்பயறும். வெள்ளி, தூதுவளைக் கஞ்சி. சனி, மறுபடியும் கொள்ளு.

"ஞாயித்துக்கெழம?" என்று ஒரு நப்பாசையில் கேட்டார்.

"அன்னைக்கு எல்லாத்தையும் கலந்து வைப்பேங்க."

கோபப்படவும் வழியில்லை. காரணம் அவருடைய வலது முட்டி. ரோட்டிலிருந்து கீழே பதினேழு அடுக்காக இறங்குகிறது அவர் தோட்டம். பீன்ஸும் பூண்டும் போடுகிற மண். மூன்று மாதமாக முட்டி வீங்கிக் கிடந்தது. கீழ் அடுக்கிலிருந்து ரோட்டுக்கு ஏறி வருவதற்குள் நாலு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. தோட்டத்தைக் குத்தகைக்கு விடும்படி ஆகிவிடுமோ என்று ஒருநாள் வரப்பில் தனியாக உட்கார்ந்து பயந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சண்முகவள்ளியிடம் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அந்த வீட்டில் அவளுக்குத் தெரியாமல் ஒரு பயமும் இருந்தது கிடையாது.

"இந்தாருங்க, கொடைக்கானல்ல மகளிர் குழுவுக்கு ரெண்டு நாள் பயிற்சி குடுத்தாங்க. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், வெறும் வயித்துல குடிச்சா முட்டி வலி கேக்குமாம்."

"முட்டி கேக்கும். வாயி கேக்குமா?"

"வாயிக்கு வைத்தியம் சொல்லித்தரல."

"நான் என்ன மட்டக்குதிரையா, கொள்ளு திங்க?"

"குதிரை என்னைக்காச்சும் முட்டி வலிக்குதுன்னு ஒக்காந்து பாத்துருக்கீங்களா?"

இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். அவர் ஒன்று சொன்னால் அவள் அதற்குமேல் ஒரு மூடியைப் போட்டு மூடிவிடுவாள். ஆனால் அன்று குருநாதன் விடுவதாக இல்லை.

"சரி. நாப்பத்தெட்டு நாள் குடிக்கிறேன். அதுக்குப் பெறகும் முட்டி இப்பிடியே கெடந்துச்சுன்னா?"

"தோசைக்கல்ல நானே எறக்குறேன். அப்புறம் கஞ்சின்னு வாயத் தொறக்க மாட்டேன்."

"கேட்டுருச்சுன்னா?"

"ஆயுசுக்கும் கஞ்சி."

"யாரு தீர்ப்பு சொல்றது?"

"என் தம்பி. அவன் ஒங்க பேச்ச மீற மாட்டான்."

தம்பி செல்வமுருகன் ஆடலூரில் காபியும் மிளகும் போடுகிறவன். மாமா என்றால் மரியாதை உள்ளவன். குருநாதன் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு முதல் கும்பா கஞ்சியும் வந்துவிட்டது.

கறுப்பாக, கெட்டியாக இருந்தது. உள்ளேயிருந்து முழுப் பூண்டுப்பல் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தது. ஒரு வாய் வைத்தார். வெந்தயம் நாக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"சூடா இருக்கு. வெயில்ல ஒக்காந்து குடிக்கிறேன்," என்று கும்பாவோடு கொல்லைக்குப் போனார்.

கொல்லையில் சிட்டு நின்றது. சிட்டு அவருடைய மட்டக்குதிரை. காய் மூடைகளைத் தோட்டத்திலிருந்து ரோட்டுக்குச் சுமந்து வருவது அதுதான். ரோட்டில் லாரி ஏற்றினால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட். அது கும்பாவைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. கழுத்தை நீட்டியது. இதில் குருநாதன் தப்பு என்ன இருக்கிறது? கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். கும்பாவைக் கீழே வைத்தார். நக்கிய வேகத்தில் கும்பா கழுவியதுபோல் ஆகிவிட்டது.

"முழுசும் குடிச்சீங்களா?"

"ஒரு சொட்டு மிச்சமில்ல. வேணும்னா கும்பாவப் பாரு."

பொய்யில்லையே. அங்கிருந்து நேரே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அங்கே அன்னக்கொடி டீக்கடை. முறுகலாக மூன்று தோசை, தேங்காய்ச் சட்னி. சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபோது தன்னைவிடக் கெட்டிக்காரன் இந்த மலையில் எவனும் இல்லை என்று தோன்றியது அவருக்கு.

ஒரு வாரம் இப்படியே போனது. அன்னக்கொடியும் நல்ல மரியாதை கொடுத்தாள். மற்றவர்களுக்குப் பெரிய குண்டாவில் மாவு. அவருக்கு மட்டும் தனிச்சட்டி.

"எனக்கு மட்டும் ஏன் தனியா ஊத்துற?"

"தெனமும் வாரவுகளுக்குத் தனிப் பக்குவம்ணே."

"பச்சையா இருக்கே?"

"மல்லித்தழ அரைச்சுப் போட்டது. பிடிக்கலையா?"

"பிடிக்கலையாவா? வீட்ல ஒருத்தி கிண்டுறா பாரு, அது கஞ்சியா, சுவத்துக்குப் பூசுறதான்னு தெரியல. ஒன் கைப்பக்குவத்தப் பாத்து அவ படிக்கணும்."

அன்னக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாராட்டினால் வெட்கப்படுகிற பொம்பளை போலிருக்கிறது என்று குருநாதன் நினைத்துக்கொண்டார்.

இருபதாம் நாள் பக்கம்தான் வந்தது வினை. முட்டி வலி குறைய ஆரம்பித்தது. நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறியவர் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். முப்பதாம் நாள் ஒரே இடம். முப்பத்தைந்தாம் நாள் ரோட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உட்காரவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. வரப்பில் உட்கார்ந்து பயந்த மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே அடுப்படி அட்டை கண்முன்னால் வந்து நின்றது. முட்டி சரியானால் ஆயுசுக்கும் கஞ்சி. ஒரு மனுஷனுக்கு உடம்பு தேறுவதைவிடப் பெரிய இடைஞ்சல் உண்டா, சொல்லுங்கள்.

வேறு வழியில்லை. நொண்ட ஆரம்பித்தார். தோட்டத்தில் திடுதிடுவென்று நடப்பார். வீட்டு வாசல் வந்ததும் காலை இழுப்பார்.

"நேத்து வலது காலத்தான இழுத்தீங்க?" என்று கேட்டாள் சண்முகவள்ளி.

"வலி அங்கிட்டும் இங்கிட்டும் மாறுது."

"ஐயோ பாவம். கஞ்சி கொஞ்சம் கூட வைக்கவா?"

"வேணாம், வேணாம். அளவு அளவா இருக்கட்டும்."

சிட்டு கதை அதைவிட மோசம். உடம்பு மினுமினுவென்று ஆகிவிட்டது. பொதியை ஏற்றினால் ஒரே மூச்சில் மேலே போய் நின்றுகொண்டு, என்ன இன்னும் வரவில்லை என்று திரும்பிப் பார்க்கும். அது நல்லதுதான். ஆனால் காலை ஏழரை ஆனால் போதும், அடுப்படியைப் பார்த்துக் கனைக்கத் தொடங்கிவிடும். கும்பா வரும்வரை நிறுத்தாது.

"சிட்டு என்னங்க, தெனமும் இந்நேரத்துக்கே கத்துது?"

"என்மேல பாசம்."

"இத்தன வருசமா இல்லாத பாசம்."

அவர் காலை இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

நாற்பத்தெட்டாம் நாள் வெள்ளனே செல்வமுருகன் வந்து இறங்கினான். கையில் ஒரு பை மிளகு. "வாங்க மாமா, ஒக்காருங்க, முட்டிய நீட்டுங்க," என்று டாக்டர் மாதிரி ஆரம்பித்தான். குருநாதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு காலை நீட்டினார். அவன் தொட்டான். "ஆ" என்றார். தொடாமலே கையைக் கிட்டே கொண்டுபோனான். அதற்கும் "ஆ" என்றார்.

"மாப்ள, நாப்பத்தெட்டு நாள் குடிச்சாச்சு. ஒங்க அக்கா மனசு கோணக்கூடாதுன்னு குடிச்சேன். பலனில்ல. நீயே பாக்குறேல்ல? தோசைக்கல்ல எறக்கச் சொல்லு."

செல்வமுருகன் அக்காவைப் பார்த்தான். அவள் பரணைப் பார்த்தாள். கல் இறங்கிவிடும் போலத்தான் இருந்தது.

அப்போது மணி ஏழே முக்கால். தீர்ப்பு நடக்கிற மும்முரத்தில் சிட்டுக்குக் கஞ்சி போகவில்லை. அது கனைத்துப் பார்த்தது. யாரும் வரவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே அடுப்படிக் கதவுக்கு வந்து தலையை உள்ளே விட்டது. சண்முகவள்ளி கரண்டியை ஓங்கினாள். மிரண்டு திரும்பிய சிட்டு, தோட்டத்துப் பாதையில் இறங்கி ஓட்டம் பிடித்தது. பத்தாவது அடுக்கில் நேற்றுத்தான் நட்ட பூண்டு.

"ஏய், பூண்டு, பூண்டு," என்று கத்திக்கொண்டு குருநாதன் பாய்ந்தார். ஒவ்வொரு அடுக்காக இறங்க நேரமில்லை. குதித்தார். எட்டாவது அடுக்கில் கயிற்றைப் பிடித்தார். அதே வேகத்தில் குதிரையை இழுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். மூச்சுகூட வாங்கவில்லை. வாசலில் அக்காவும் தம்பியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"முட்டி எப்பிடிங்க இருக்கு?" என்றாள் சண்முகவள்ளி.

நொண்டலாமா என்று யோசித்தார். இனி நொண்டினால் குதிரையே சிரிக்கும். சரி, கடைசி ஆயுதத்தை எடுக்க வேண்டியதுதான் என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"வள்ளி, நீ ஜெயிச்சுட்டதா நெனைக்காத. மொத நாள் ஒரு வாயி வச்சதோட சரி. அதுக்கப்புறம் ஒன் கஞ்சி என் தொண்டைக்குள்ள எறங்கல. அம்புட்டும் குடிச்சது சிட்டு. நான் தின்னது அன்னக்கொடி கடைத் தோசை. இது தோசையில தேறுன முட்டி."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"மூணாம் நாளே தெரியுங்க."

"எப்பிடி?"

"கும்பாவக் காட்டுனீங்க, சரி. குதிரை மூஞ்சியத் தொடச்சீங்களா? தாடையெல்லாம் சாமை ஒட்டிக் கெடந்துச்சு. அன்னையிலேர்ந்து கஞ்சியில பூண்டும் போடல, வெந்தயமும் போடல. பூண்டு குதிரைக்கு ஆகாது. மறுபடி ஒரு வாயி வச்சுப் பாத்துருந்தீங்கன்னா ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"அப்ப எனக்கு?"

"ஒங்களுக்குத்தான் தனிச்சட்டி." சண்முகவள்ளி விரலை மடக்கினாள். "கருப்பு உளுந்து, கொள்ளு, சாமை. ஊறப்போட்டு, முடக்கத்தான் தழைய வச்சு ஆட்டிருவேன். அன்னக்கொடி நம்ம வாசலத் தாண்டித்தான கடைக்குப் போறா. நீங்க தோச திங்கிற கதைய அவதான் சொன்னா. சட்டிய அவ கையில குடுத்துருவேன்."

"முடக்கத்தான் வாரம் ரெண்டு பை நான்தான் பஸ்ஸுல போட்டுவிட்டேன் மாமா," என்றான் செல்வமுருகன் மரியாதையாக.

ஆக, ஊரே சேர்ந்து சமைத்திருக்கிறது. குருநாதனுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஆனாலும் ஒரு ஓட்டை அவர் கண்ணில் பட்டது. "இருக்கட்டும் மாப்ள. ஆயுசுக்கும் கஞ்சின்னு பேச்சு எப்போ? கஞ்சியில தேறுனாத்தான. தேறுனது தோசையில. தீர்ப்பு சொல்லு."

செல்வமுருகன் டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தான். "மாமா சொல்றதும் நியாயந்தான்க்கா."

"நியாயந்தான்," என்றாள் சண்முகவள்ளியும். "நாளையிலேர்ந்து வீட்லயே முடக்கத்தான் தோச. கல்ல எறக்கிர்றேன்."

இருபத்தாறு வருஷத்தில் முதல் வெற்றி. குருநாதன் மீசையைத் தடவினார். வெளியே சிட்டு கனைத்தது.

"ஆனா சிட்டுக்குக் கஞ்சிய நிறுத்த முடியாதுங்க. குடிக்காம பொதி தூக்காது."

"கிண்டிக் குடு."

"நான் தோச ஊத்துவேனா, கஞ்சி கிண்டுவேனா? பழக்குனவுகதான் கிண்டணும். என்னடா தம்பி?"

"அக்கா சொல்றதும் நியாயந்தான் மாமா."

மறுநாள் காலை. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு அடுப்பில் கல், ஒரு அடுப்பில் பானை. குருநாதன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கொள்ளுக்கஞ்சி கிண்டினார். "கையெடுக்காமக் கிண்டுங்க," என்று அவள் மூன்று தடவை சொன்னாள். கையை அவர் எடுக்கவில்லை. கண்ணைத்தான் எடுத்தார். பக்கத்துக் கல்லில் தோசை முறுகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் கை நின்றுபோனது. பானை அடிப்பிடித்துக்கொண்டது.

பரவாயில்லை, குதிரைக்கு என்ன தெரியும் என்று கும்பாவைக் கொண்டுபோய் வைத்தார். சிட்டு மோந்து பார்த்தது. ஒரு நக்கு நக்கியது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது.

"ஏ, குடி. வெரசாக் குடி. மூடை கெடக்கு."

சிட்டு அசையவில்லை. சண்முகவள்ளி தட்டோடு வெளியே வந்தாள். தட்டில் மூன்று தோசை.

"லாரி வந்துருங்க. அது வெறும் வயித்தோட பொதி தூக்குமா?" என்று தட்டைக் குதிரை முன்னால் வைத்தாள்.

"அப்ப நான்?"

"தானியத்தக் கொட்டலாமாங்க?" என்று பானையில் மிஞ்சிய கஞ்சியில் கொஞ்சம் உப்பைத் தூவி, ஒரு தம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

சிட்டு மூன்றாவது தோசையில் இருந்தபோது குருநாதன் இரண்டாவது தம்ளரில் இருந்தார்.