கொலையாளியை நான் கண்டுபிடித்த லட்சணம்

பெண் தேடும்போது அம்மாக்கள் அவிழ்த்துவிடுவதையெல்லாம் பின்னால் மெய்யாக்கிக் காட்ட வேண்டியவன் பாவப்பட்ட மகன்தான். நான் இத்தாலிக் கப்பல் ஒன்றின் சமையலறையில் வேலை பார்த்தவன். என் அம்மா குழித்துறையில் பெண்வீட்டுக்குப் போய், "எனக்க மவனுக்கு இத்தாலி பாஷை பச்சவெள்ளம் மாதிரியாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். (எனக்குத் தெரிந்தது வெங்காயம், உப்பு, சீக்கிரம், அப்புறம் சில கெட்ட வார்த்தைகள்.)

பெண்ணின் அப்பா உள்ளூர்த் திரைப்படக் கழகத் தலைவர். கல்யாணப் பேச்சு முடிவாகும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். இத்தாலியக் கொலைப்படம், வந்த பிரதியில் சப்டைட்டில் இல்லை. "அதுக்கென்ன, நம்ம பிள்ளை இருக்காருல்லா" என்று மைக்கை என் கையில் திணித்தார். முன்வரிசையில் பெண், சுபா. அவளைக் கட்டிக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

திரையில் ஒரு பெரிய வீடு. கறுப்புக் கையுறை போட்ட ஓர் உருவம் ஒருத்தியைக் குத்திவிட்டு ஓடியது. அந்த வீட்டு எஜமானியும் ஒரு டாக்டரும் குசுகுசுத்தார்கள். நம்மூரில் கொலை எதற்கு நடக்கும்?

"சொத்துத் தகராறு," என்றேன். "செத்தவளுக்க அண்ணன் தம்பிமாரு ரப்பர் தோட்டம் பாகம் வைக்கல."

கூட்டம் உச்சுக்கொட்டியது. (இத்தாலியில் ஏது ரப்பர் என்று யாரும் கேட்கவில்லை.) தைரியம் வந்துவிட்டது. முழியே சரியில்லாத டாக்டரைத் தம்பியாக்கி, கொலையாளி இவனேதான் என்றும் அறிவித்தேன்.

அடுத்த காட்சியில் டாக்டரையே குத்திக் கொன்றுவிட்டார்கள்.

"மக்கா, கொலைகாரன் செத்தாச்சே! இனி படம் என்னத்துக்கு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"செத்தது அவனுக்க இரட்டையாக்கும்," என்றேன்.

கடைசியில் எஜமானி கண்ணாடி முன்னால் நின்று, கத்தி தன் கையிலேயே இருப்பதைக் கண்டு அலறினாள். அத்தனையும் செய்தது அவள்தான். மனம் பேதலித்ததில் அவளுக்கே அது தெரியவில்லை. பச்சைக் குழந்தைக்கும் புரிந்துவிட்டது. விளக்கைப் போட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பெண்ணின் அப்பா எழுந்து வந்தார். "பிள்ளே, உள்ளதைச் சொல்லும். பாஷை தெரியுமா?"

"தெரியாது மாமா. அடுக்களையில கேட்ட நாலு வார்த்தை, அவ்வளவுதான்."

மைக் அப்போதும் கையில்தான் இருந்தது; ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும். கல்யாணம் கைவிட்டுப் போயிற்று என்று செருப்பைத் தேடினேன்.

சுபா வாசலுக்கு வந்தாள். சிரித்துச் சிரித்துக் கண் கலங்கியிருந்தது. "டாக்டர் செத்தப்போ உங்களுக்கு வேர்த்து ஒழுகிச்சே! ஒரு பொய்க்கு இப்படி வேர்க்கிற ஆளை நம்பலாம்னு அப்பாட்ட சொல்லியாச்சு," என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கல்யாணமாகிப் பிள்ளைகளும் ஆயிற்று. இன்றும் வீட்டில் கொலைப்படம் ஓடினால், அது தமிழ்ப் படமானாலும் சரி, மாமனார் பாதியில் சத்தத்தை அணைத்துவிட்டு ரிமோட்டை என் வாயருகே நீட்டுகிறார். "மருமவனே, சொல்லும். கொன்னது யாரு?"

நான் ஒரு ஆளைக் காட்டுகிறேன். அந்த ஆள் நிரபராதி என்று மொத்த வீடும் அப்போதே முடிவுகட்டிவிடுகிறது.