பால்சாமியின் அசார்ட்டட்

உலகத்தில் எந்த நாட்டு டீயில் ஏலக்காய் மணந்தாலும் அதற்குப் போடிநாயக்கனூர்தான் பொறுப்பு; போடிக்குப் பொறுப்பு பால்சாமி. இது பால்சாமியின் கருத்து. அவருடைய கிட்டங்கியிலோ ஏலக்காய் மூட்டைகள் விலை போகாமல் பச்சை வெளுத்துக்கொண்டிருந்தன. புதுக் காய் இறங்குவதற்குள் தள்ளியாக வேண்டும்.

பெட்டியில் போட்டால் போகும் என்று தேனி அச்சகத்தில் முந்நூறு பெட்டி அடித்தார். மூடி முழுக்கத் தங்க எழுத்தில் ஒரே ஆங்கிலச் சொல்: ‘அசார்ட்டட்’. கொச்சியில் ஏதோ கண்ணாடி அலமாரியில் பார்த்தது. ‘பிரீமியம்’ என்று கண்டவனும் போட்டுவிட்டானாம். சொல் பெரிதாகிவிட்டதால் ஏலக்காய் என்று போட இடமில்லை. கடைப் பெயருக்கு ஸ்டிக்கர் பிறகு வரும்.

பெட்டிகள் வந்த அன்றே மதுரையிலிருந்து போன்.

“பிரஸ்ல உங்க பெட்டியப் பாத்தோம் சார். அசார்ட்டட்னு போட்டிருக்கே, அதத்தான் தேடிக்கிட்டிருந்தோம். அம்புட்டையும் எடுத்துக்கிறோம். நாளைக் காலையில வண்டி வரும்.”

எந்தக் கம்பெனி என்று கேட்பது தன் தகுதிக்குக் குறைவு என்று பால்சாமி கேட்கவில்லை.

“பாத்தியா? ஒரே வார்த்தை! சரக்கு பூராம் போச்சு!”

“அதுக்கு என்ன அர்த்தம்?” என்றாள் மனைவி காளீஸ்வரி.

“ஒசந்த ரகம்னு அர்த்தம்.”

அவள் செல்போனைத் தடவிப் பார்த்தாள். “பல தினுசு சேந்ததுன்னு போட்டிருக்கு. நீங்க பெட்டியில போடப்போறது பூரா எட்டு மில்லிக் காய். ஒரே தினுசு.”

“நெறையா இருக்குல்ல?”

“நெறையா இருந்தா ஆச்சா? பஸ் ஸ்டாண்டுல வரிசையா ஆட்டோவா நின்னா அது அசார்ட்டட் இல்ல. ஆட்டோ, ஜீப்பு, டிராக்டருன்னு நின்னாத்தான் அசார்ட்டட்.”

பால்சாமி எழுந்துவிட்டார். நாளைக்குத் திறந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால்? கிட்டங்கிக்கு ஓடினார்.

அங்கே மாயக்காளும் மற்றப் பெண்களும் எட்டு, ஏழு, ஆறு மில்லி என்று காயைப் பருமன் வாரியாகச் சலித்துப் பிரித்து அப்போதுதான் நிமிர்ந்திருந்தார்கள்.

“எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்குங்க.”

“அண்ணே, காய்ச்சலா இருக்கா?” என்றாள் மாயக்காள்.

“சொன்னதச் செய் ஆத்தா!”

கலக்கினார்கள். தரையைக் கூட்டி அள்ளிய மாதிரி இருந்தது.

“திரும்பப் பிரிங்க.”

மாயக்காள் சல்லடையைத் தரையில் டமாரென்று போட்டு உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் பால்சாமியின் தாத்தா வரைக்கும் போய்த் திட்டிவிட்டு வந்தது.

அடுத்து, அட்டை வெட்டிப் பசை தடவி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நான்கு அறை கட்டச் சொன்னார். அறை நான்கு, காய் மூன்று தினுசு. போடிமெட்டில் நின்ற ஜீப் டிரைவர் சுடலைக்குப் போன் பறந்தது.

“அப்பு, வேற தினுசா ஒண்ணு வெரசா கொண்டா.”

“என்ன தினுசுண்ணே?”

“எதுன்னாலும் சரி. இங்க இருக்கற மாதிரி இருக்கக் கூடாது!”

சுடலை, உலர்த்தாத பச்சைக் காயை ஒரு லோடு கொண்டுவந்து இறக்கினான். “தோட்டத்துல இப்பப் பறிச்சதுண்ணே. இதவிட வேறயா இருக்க முடியாது.”

உண்மைதான். அதையே நான்காவது அறையில் அடைத்தார்கள். மறுநாள் காலையில் ஈரம் ஊறிப் பெட்டிகளின் அடி உப்பியிருந்தது. பெண்கள் முறத்தால் விசிறினார்கள். பால்சாமி மனைவியின் முடி உலர்த்தும் மிஷினைச் செருகினார். கிட்டங்கியின் ஃபியூஸ் போயிற்று.

“இருட்டுல எந்தத் தினுசுன்னு யாருக்குத் தெரியப்போவுது? விடுங்கண்ணே,” என்றாள் மாயக்காள்.

அதற்குள் மதுரை வண்டி வந்துவிட்டது. பால்சாமி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உப்பாத பெட்டியாகப் பார்த்து ஒன்றை வாசல் வெளிச்சத்தில் திறந்து நீட்டினார்.

“நாலு தினுசு. தனித்தனி அறை. பக்கா அசார்ட்டட்.”

வண்டி டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு காயை எடுத்து முகர்ந்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“இதையெல்லாம் கொட்டிட்டுக் குடுங்கண்ணே. காலிப் பெட்டிதான் ஏத்திட்டு வரச் சொன்னாங்க. நாங்க பிஸ்கட்டுக் கம்பெனி.”