நாற்ற வைத்தியர்

வாசகர்களே, தோட்டப்புறங்களில் டொக்டர்மாருக்குத் தட்டுப்பாடு உண்டு. நாற்ற வைத்தியர்களுக்கு மட்டும் என்றைக்கும் தட்டுப்பாடு வந்ததில்லை. வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயத்துக்கு ஒருவர் என்று ஆண்டவனே பார்த்து அனுப்பி வைக்கிறான். இவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. உங்கள் குசினியில் சமைத்துக் கழுவிய தண்ணீர் ஓடும் கானிலிருந்து லேசாக ஒரு வாடை கிளம்பினால் போதும், உலை கொதிப்பதற்குள் வந்து நிற்பார். மூக்கைச் சுருக்குவார், இடப்பக்கம் முகர்வார், வலப்பக்கம் முகர்வார், கண்ணை மூடி யோசிப்பார், கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியே வைத்திருப்பார். குனிவாரா? குனிவதற்கா வைத்தியர் ஆனார்?

றக்வானைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இப்படி ஒருவர் இருந்தார். பெயர் மயில்வாகனம். தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கொழுந்தை முகர்ந்து பழகிய மூக்கு என்று அவரே சொல்லிக்கொள்வார். அப்பச்சோடாவைக் கொட்டி அதன்மேல் வினாகிரி ஊற்று என்பார். சுடுதண்ணீரில் உப்புப் போடு என்பார். எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, கராம்பு குத்தி, கானில் போட்டுவிடு என்பார். கடைசியாகச் சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதை அவர் வீட்டைத் தவிர வேறெந்த வீடும் செய்யவில்லை. கறிக்கே பழம் கிடைக்காத இடத்தில் கானுக்கு யார் போடுவது?

அந்த லயத்தில் எல்லாக் குசினிகளுக்கும் பின்னால் ஓடுவது ஒரே கான். மேல்காம்பராவில் கழுவிய மீன் கீழ்காம்பராவுக்கு வந்துதான் சேரும். மயில்வாகனம் இருந்தது மேலே. கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறதென்று தன் வீட்டுப் பின்பக்கக் கானைச் சீமெந்துப் பலகை போட்டு மூடியும் விட்டார். கடைசிக் காம்பராவில் கோகிலா. அவளுடைய கான் திறந்தே கிடந்தது. ஆகவே நாறியது யாருடைய வீடு? கோகிலாவுடையதுதான். இதிலென்ன சந்தேகம்!

"என்னா கோகிலா, உள்ள ஏதும் செத்துக் கெடக்கா?" என்பார் மயில்வாகனம்.

"நானும் தெனம் வெளக்கமாத்தால தேச்சுக் கழுவுறேன் அண்ணே. மேலேருந்துதான் கறுப்பாத் தண்ணி வருது."

"தண்ணி எப்பயும் மேலேருந்துதாம்மா வரும். சுத்தம் நம்மகிட்டதான் இருக்கணும்."

பாவம், அந்த மாதம் அவளுக்குச் சுத்தம்தான் சோறு. மழை நாளில் மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டது. கொழுந்துக் கூடையோடு இனி ஏற முடியாது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை ஒன்று காலியாக இருந்தது. கேட்டிருந்தாள். தோட்டத்து டொக்டர் ஐயா, "வீட்டை எப்படி வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றிருந்தார்.

அவர் வருகிற நாளும் வந்தது. கோகிலா விடியலிலேயே சாணம் மெழுகி, சுண்ணாம்பு தெளித்து, கானை இரண்டு தரம் கழுவிவிட்டுக் காத்திருந்தாள். ஆனால் டொக்டர் ஐயாவை லயத்து முனையில் முதலில் வரவேற்றது யார் என்கிறீர்கள்? ஊர் நன்மைக்கென்றே பிறந்தவர் சும்மா இருப்பாரா? ஐயா மூக்கில் கைலேஞ்சியை வைத்ததும் இவர் சிங்களத்தில், "மஹத்தயா, கந்த என்னே அற அந்திம கெதரின்" என்று, அந்த நாற்றம் கடைசி வீட்டிலிருந்துதான் வருகிறதென்று, அன்போடு எடுத்துச் சொன்னார். கையைக்கூட நீட்டவில்லை. தாடையாலேயே காட்டினார். டொக்டர் ஐயா கடைசி வீட்டுக்குப் போகவேயில்லை. அங்கிருந்தே தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். ஆயா வேலை தோட்டத்தின் வேறு டிவிசன் பெண்ணுக்குப் போனது.

செய்தி வந்த அன்று கோகிலா அழவில்லை. அலவாங்கை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து மேலே போனாள். மயில்வாகனத்தின் குசினிக்குப் பின்னால் போய் அந்தச் சீமெந்துப் பலகையை நெம்பினாள். பலகை புரண்டது. லயமே வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது. உள்ளே மீன் செதில், பழைய சோறு, தேயிலைச் சக்கை, எல்லாம் சேர்ந்து கூழாகி அடைத்துக் கிடந்தன. அதன்மேல் கராம்பு குத்திய எலுமிச்சம்பழப் பாதிகள், அழுகி, பூஞ்சணம் பூத்து, குவியலாக. யார் வீட்டுப் பழம் என்று இனி சொல்லவும் வேண்டுமா?

மயில்வாகனம் வந்து பார்த்தார். வெட்கப்பட்டார் என்கிறீர்களா? நீங்கள் இந்த இனத்தை அறியாதவர்.

"பாத்தியா! கான்ல ஏதோ இருக்குன்னு நான் அப்பயே சொன்னேன்ல?"

கோகிலா அலவாங்கைக் கீழே போட்டாள். "சொன்னீங்கண்ணே. என் வீட்ட காட்டிச் சொன்னீங்க. இனி இந்தக் காலோட நான் எப்புடி மலைக்கு ஏறுவேன்? அதுக்கும் ஒரு வைத்தியம் சொல்லிட்டுப் போங்க."

அதற்கும் சொன்னார் மனுஷன். நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அவள் கூடையை மாட்டிக்கொண்டு, நொண்டியபடி மலை ஏறினாள். இவர் வாசலில் நின்று, "பாத்துப் போம்மா, வழுக்கும்" என்றும் சொன்னார்.

சரி, இதுவரை படித்தீர்களே, மயில்வாகனத்தின் மேல் கோபம் வந்ததா? எனக்கும்தான். ஐயோ, நம் பக்கத்து வீட்டுக்காரர் அப்படியே இதில் இருக்கிறாரே, இதை அவர் கட்டாயம் படிக்க வேண்டுமே, கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று செருப்பைத் தேடுகிறீர்களா?

வாருங்கள் வைத்தியரே. உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.