ஆயில் பொருத்தம் பார்ப்பவர்

மனிதர்களில் இப்படியும் ஓர் இனம் உண்டு. பழைய கார் வைத்திருக்கும். அந்தக் கார் ஓடாது. இன்ஜின் கெட்டதால் அல்ல. அதற்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று இன்னும் முடிவாகவில்லை, அவ்வளவுதான். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆளைப் பார்த்திராவிட்டாலும், காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களையாவது பார்த்திருப்பீர்கள்.

நம்மவரை எடுத்துக்கொள்வோம். ஒரு நல்ல நாளில் பழைய ஆயிலைச் சொட்டு விடாமல் வடித்துவிட்டார். புதுசை ஊற்ற வேண்டியதுதானே? அதெப்படி! தேய்ந்த இன்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் சரி என்று ஒரு கட்சி. கெட்டியாக இருந்தால் காலைக் குளிரில் மேலே ஏறாது, இளக்கமானதே உத்தமம் என்று எதிர்க்கட்சி. இரண்டுக்கும் தலைவர் இவரே. அன்று முதல் டப்பா டப்பாவாக வாங்கி, விரலில் தேய்த்து, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சட்டையில் துடைத்து, குளிரில் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிய இரண்டு கிண்ணங்களில் ஊற்றி ஃபிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் வைத்து, வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் எடுத்துக் காட்டி... கார் மட்டும் வாசலில் வறண்டு நிற்கிறது.

வீட்டம்மாவுக்கு வேலை கிடைத்திருந்தது. டிரைவிங் லைசென்ஸைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். டெஸ்டுக்குக் காரை நாம்தான் கொண்டுபோக வேண்டும். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இன்று கடைசி நாள்.

"எதையாவது ஊத்துங்க. ஆனா ஊத்துங்க."

"அவசரப்பட்டா இன்ஜின் போயிடும்மா."

"வேலை போயிடும்ங்க!"

டெஸ்ட் நடக்கும் இடத்துக்குப் போய் யாரிடமாவது கெஞ்சிக் காரை இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்று டாக்சியில் கிளம்பினார்கள். பாதி வழியில் நம்மவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"டிரைவர், என்ன ஆயில் போடறீங்க? டிக் டிக்னு கேக்குதே?"

டிரைவர் பிரேக்கை மிதித்தார். "உங்களுக்கும் கேக்குதா சார்? எங்க வீட்டுல யாருமே நம்ப மாட்டேங்கறாங்க!"

போச்சு. அவரும் அதே இனம். இன்ஜினை ஓடவிட்டபடி இருவரும் இறங்கினார்கள்; பானெட்டைத் திறந்து கேட்டார்கள், மூடிவிட்டுக் கேட்டார்கள், அப்புறம் சாலையோரம் குந்தி, கெட்டி எது, இளக்கம் எது என்று குச்சியால் மண்ணில் கோடு போட ஆரம்பித்தார்கள்.

"நேரமாச்சுங்க!"

"ரெண்டே நிமிஷம்மா."

வீட்டம்மா டிரைவர் சீட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தார். போயே போய்விட்டார். அந்த டாக்சியிலேயே டெஸ்ட் கொடுத்து, பாஸும் ஆகி, திரும்பி வந்தபோது கோடுகள் அடுத்த கட்டடம் வரை நீண்டிருந்தன.

"பாஸாயிட்டேன்!" என்றார்.

இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "வர்றப்போ சத்தம் எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு பேரும் பின்னாடி ஏறுங்க."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், அந்த டாக்சியில் என்ன ஆயில் இருந்தது என்று கதை சொல்லும் இந்த ஆள் கடைசிவரை சொல்லவே இல்லையே என உள்ளுக்குள் சின்னதாக ஓர் அரிப்பு இருந்தால், தயவுசெய்து கார் சாவியை வீட்டில் வேறு யாரிடமாவது இப்போதே கொடுத்துவிடுங்கள்.