எல்.கே.ஜி. சீட்டும் என் மரியாதை ஆங்கிலமும்

ஆங்கிலத்தில் 'ஹேட்' (had) எங்கே போட வேண்டும் என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. எங்கே போடக் கூடாது என்பது மட்டும் ஆயுளுக்கும் மறக்காது.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். மகள் கவிக்கு எல்.கே.ஜி. சீட்டு கேட்டுப் போனோம். அந்தப் பள்ளியில் பிள்ளைக்கு முன்னால் பெற்றோருக்குத்தான் இன்டர்வியூ, அதுவும் இங்கிலீஷில்.

"நீங்கதான பி.காம்., நீங்களே பேசுங்க. சீட்ட மட்டும் கோட்ட உட்றாதீங்க" என்று மனைவி ஒதுங்கிக்கொண்டாள்.

எங்கள் பக்கம் 'ங்க' போடாமல் யாரிடமும் வாய் திறக்க மாட்டோம். (நாயைக்கூட "போங்க" என்று விரட்டும் ஊர்.) ஆங்கிலத்தில் அந்த 'ங்க' எது? கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் மெயில்களில் வரிக்கு வரி 'ஹேட்' இருக்கும். 'வி ஷிப்டு' (சரக்கு அனுப்பினோம்) என்பதைவிட 'வி ஹேட் ஷிப்டு' பணிவாகத் தெரிந்தது. அதுதான் மரியாதை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பிரின்சிபால் அம்மா கவியைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

"ஷி ஹேட் வாக்டு எர்லி, மேடம்."

"தென்?"

"ஷி ஹேட் டாக்டு நைஸ்லி."

"தென்?"

"ஷி ஹேட் ஈட்டன் வெல்."

ஆர்வமாகக் கேட்கிறார் என்று பூரித்துப் போனேன். 'ஹேட்' போட்டால், அதற்குப் பிறகு வேறென்னவோ நடந்திருக்கிறது என்று கேட்பவர் காத்திருப்பார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசியில் பேனாவை வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"கொழந்தைக்கு என்ன சார் ஆச்சு? இப்ப நடக்கறதில்லையா? பேசறதில்லையா?"

மனைவி என் தொடையில் கிள்ளினாள். சீட்டு போயே போய்விட்டது என்று நினைத்தேன்.

நான் தூக்கி வந்து உட்கார வைத்திருந்த கவி நாற்காலியிலிருந்து இறங்கி, மேசையைச் சுற்றிக்கொண்டு அவரிடமே நடந்து போனாள்.

"ஏனுங்க மிஸ், எங்கப்பாவுக்குப் பயமுங்க. ஊட்டுல நல்லாத்தானுங்க பேசுவாரு. திட்டாதீங்க."

பிரின்சிபால் அம்மா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நடக்கறா, பேசறா, அப்பாவையும் பாத்துக்கறா. சீட்டு குடுத்தாச்சு சார். நீங்க போய்த் தண்ணி குடிங்க."

அந்த அம்மாவை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அந்த அறையை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வேர்க்கும்.

கவி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், பதற்றத்தில் மெசேஜ் மேல் மெசேஜாகத் தட்டுவேன்: யூ ஹேட் ரீச்டு? யூ ஹேட் ஈட்டன்?

ஒரே பதில்தான் வரும்.

"நடக்கறேனுங்க, பேசறேனுங்க, சாப்பிட்டேனுங்க. நீங்க போய்த் தண்ணி குடிங்கப்பா."