சாயம் நிக்கும் நைனா!

பத்திரிகை படிக்கிற பழக்கம் மட்டும் எனக்கு இல்லாதிருந்தால், திருப்பதியில் ஒரு பெரிய மனிதரின் தலை அதன் சொந்த நிறத்திலேயே இருந்திருக்கும்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. எங்கள் ஊர் நகரி அங்கேயே இருக்குமா, மதராஸோடு சேருமா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் நெய்கிற துண்டுகளை நைனா மதராஸில் ஒரே ஒரு வியாபாரிக்குத்தான் கொடுத்துவந்தார். அந்த மனிதர் திடீரென்று, "எல்லைத் தகராறு தீரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வாங்குவதை நிறுத்திவிட்டார். துண்டுகள் உத்தரம் வரை அடுக்கிக் கிடந்தன. தறிகள் சும்மா நின்றன.

நான் தினமும் பத்திரிகை வாங்கி, எல்லைச் செய்திகளை நைனாவுக்கு உரக்கப் படிப்பேன். ஒருநாள் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கோட்ட எங்க வேணா போட்டுக்கட்டும் கமலா. துணிய யாரு வாங்குவான்? அத்த போட்டுக்கீறானா பாரு."

அதைப் போடவில்லை. ஆனால் வியாபாரத்தில் போட்டியைச் சமாளிப்பது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தான். ஒரே இடத்தை நம்பாதே, மற்றவரிடம் இல்லாததைக் கொடு. (பள்ளிக்கூடப் படிப்பு முடித்த திமிர் எனக்கு. கேட்கவா வேண்டும்!)

"நைனா, திருப்பதியில விப்போம். அங்க எல்லாரும் வெள்ளைத் துண்டுதான் விக்கிறான். நாம சிவப்பு போடுவோம். கும்பல்ல காணாமப் போனாக்கூட அவங்கவங்க ஆளைக் கண்டுபிடிச்சிடலாம்."

நைனா யோசித்தார். இப்போது நினைத்தாலும் அது நல்ல யோசனைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சாயப் பொடி வாங்கி, கொல்லையில் அடுப்பு மூட்டி, நானே முக்கி எடுத்தேன். துண்டுகள் செம்பருத்திப் பூப்போலக் காய்ந்தன.

"சாயம் நிக்குமாம்மே?"

"நிக்கும் நைனா!"

ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்திருக்கலாம். அவ்வளவு அழகான துணியைச் சந்தேகப்பட மனம் வரவில்லை.

திருப்பதியில் ரங்கய்யா என்றொரு துணிக்கடைக்காரர். கடைக்குப் போனால், குடும்பத்தோடு மொட்டை போட மலைக்குப் போயிருக்கிறார், நடந்துதான் இறங்குவார் என்றார்கள். நைனா கடையிலேயே காத்திருக்கலாம் என்றார். நான் விடவில்லை. அவரை இழுத்துக்கொண்டு மலையடிவாரத்து அலிபிரிக்குப் போய், படிக்கட்டு முடிகிற இடத்தில் நின்றேன்.

உச்சி வெயிலில் இறங்கிவந்தார் ரங்கய்யா. வழவழத்த மொட்டை, அதில் சந்தனம். பின்னால் மனைவியும், மொட்டையடித்த மகன்களும். வணக்கம் சொல்லி, அவர் கையில் ஒரு சிவப்புத் துண்டை வைத்தேன்.

"வெயிலா இருக்குது, தலைக்குப் போட்டுக்கங்க ஐயா."

அவர் மனம் குளிர்ந்துபோய், பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பந்தலில் துண்டை நனைத்து, லேசாகப் பிழிந்து, தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டார். "சல்லகா உந்தி அம்மா!" என்றார். ஜில்லென்று இருக்கிறதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்களையும் தன் ஜட்கா வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் நான் தெலுங்கில் வியாபாரம் பேசினேன். அவர் முன்னால் உட்கார்ந்திருந்ததால் பின்னால் இருந்த எங்கள் யாருக்கும் அவர் முகம் தெரியவில்லை.

கடை வாசலில் இறங்கினார். கணக்கப்பிள்ளை அவரைப் பார்த்து, "ரக்தம்! ரக்தம்!" என்று அலறினார்.

நெற்றி, காது, கழுத்து, வெள்ளைச் சட்டை எல்லாம் சிவப்பு வழிந்துகொண்டிருந்தது. அவர் மனைவி, மண்டையை வெட்டிவிட்டார்களே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தெருவே கூடிவிட்டது. "எனக்கு வலிக்கவில்லையே" என்று ரங்கய்யா தெலுங்கில் சொல்லச் சொல்ல, பயத்தில் உணர்ச்சி மரத்துவிட்டது என்று அவரைப் பலகையில் படுக்க வைத்தார்கள். யாரோ ஓடிப்போய்க் கம்பவுண்டரைக் கூட்டிவந்தார்கள்.

கம்பவுண்டர் முண்டாசை அவிழ்த்துப் பஞ்சால் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு துண்டை எடுத்து ஒரு பிழி பிழிந்தார். தரையெல்லாம் சிவப்பு.

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. நைனா மட்டும் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அவர் துண்டு மூட்டையை மெல்லத் தன் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். திருப்பதியில் பூமி கெட்டி.

சீயக்காய், எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய் எதற்கும் அசையவில்லை. துணியில் நிற்காத சாயம் அவர் தலையில் நின்றது. கொடுமை என்னவென்றால், அன்று சாயங்காலம் குடும்பத்தோடு படம் எடுக்க ஸ்டூடியோவில் சொல்லி வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ராத்திரியே கிளம்ப வேண்டும். "கறுப்பு வெள்ளைதானே, தெரியாது" என்று படக்காரர் தைரியம் சொன்னாராம்.

நைனா கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ரங்கய்யா ஈரத் துண்டைக் கையில் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "துண்டு பாகுந்தி ஐயா. மெத்தகா உந்தி. கலர் ஒத்து. வெள்ளையிலே கொண்டா." துண்டு நன்றாக, மெத்தென்று இருக்கிறதாம், கலர் மட்டும் வேண்டாமாம்.

ரயிலில் ஊருக்குத் திரும்பினோம். இறங்கும்போது நைனா, "துன்றியா எதுனா?" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் வெள்ளைத் துண்டுகளோடு தனியாகப் போய்வந்தார். கடைசியில் நகரி ஆந்திராவிலேயே நின்றது. மதராஸ் வியாபாரி திரும்பி வரவேயில்லை. எங்கள் தறிகள் ரங்கய்யா கடையை நம்பி ஓடின.

வருடங்கள் கழித்து ரங்கய்யா காலமானபோது துக்கம் விசாரிக்கப் போனேன். மாலை போட்டு மாட்டியிருந்தது அந்த ஸ்டூடியோ படத்தில் அவர் மட்டும் இருக்கிற பகுதி. கறுப்பு வெள்ளையில் சிவப்புச் சாயம் கறுப்பாக விழுந்து, மொட்டைத் தலையில் ஒட்ட வெட்டிய முடிபோல அடர்த்தியாகத் தெரிந்தது.

நான் தலை நிமிர முடியாமல் நின்றேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்குச் சின்ன வயசிலேயே வழுக்கை அம்மா. முடி இருக்கிற படம் இது ஒண்ணுதான்."

அது கேலியா நன்றியா என்று இன்றுவரை தெரியவில்லை. என் வீட்டார் நன்றி என்றே வைத்துக்கொண்டுவிட்டார்கள். சொந்தத்தில் யாருக்கு முடி கொட்டினாலும் முதலில் என்னிடம்தான் அனுப்பிவைக்கிறார்கள்.